வருகைப் பதிவேடு யார் கையில்?





ஜூன் மாதத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து நம் இதழுக்குக் கடிதம் வருவது அபூர்வம். ஒன்றாம் வகுப்பு வாசலில் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தவும், எமிஸ் இணையப் பதிவேட்டில் பெயர் ஏற்றவும், பாடநூலையும் சீருடையையும் எண்ணிக் கொடுக்கவுமே அவர்களுக்குப் பொழுது சரியாக இருக்கும். இந்த ஜூனில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதுவும் நீளமாக. ஒரே குறுவள மையத்துக்குள் இருக்கும் ஐந்து சிறிய பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பேசி எழுதியது. ஐந்துமே ஈராசிரியர் பள்ளிகள். பாடநூல் அரசு தருவது, அதில் கைவைக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றி, விழுமியங்களை முன்வைத்து, ஐந்து பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு கலைத்திட்டம் வகுத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்கள்.

கேட்டதோடு நிற்காமல் ஒரு வரைவையும் இணைத்திருக்கிறார்கள். கோடு போட்ட முழுத்தாளில், சிவப்பு மையில் தலைப்பிட்டு, ஓர் அட்டவணை. ஜூன் – ஒழுக்கம். ஜூலை – நேர்மை. ஆகஸ்ட் – நாட்டுப்பற்று. செப்டம்பர் – பெரியோரை மதித்தல். அக்டோபர் – தூய்மை. இப்படியே ஏப்ரல் வரை போகிறது. மாதத்துக்கு ஒரு கதை, ஒரு பாட்டு, ஓர் உறுதிமொழி, கடைசி வெள்ளிக்கிழமை ஒரு போட்டி.

அக்கறையோடு போட்ட அட்டவணை என்பது பார்த்ததுமே தெரிகிறது. ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதைப் படித்தால் என்ன கேட்கும் என்று யோசித்தேன். "சார், அப்போ ஆகஸ்ட் மாசம் பொய் சொல்லலாமா?"

நாம் எல்லோருமே இப்படி வளர்ந்தவர்கள்தான். சுவரில் பொன்மொழி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு குறள், வாரத்துக்கு ஒரு நன்னெறி வகுப்பு. அந்த வகுப்பையும் கணக்கு ஆசிரியர் பாடம் முடியவில்லை என்று கடன் வாங்கிக்கொள்வார். விழுமியம் என்றால் சொல்லிக் கொடுப்பது என்றே பழகிவிட்டோம். சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஐந்து பள்ளிகள் மெனக்கெட்டு ஒன்றுகூடி ஒரு கலைத்திட்டம் எழுதப் போகின்றன என்றால், அதை உறுதிமொழிகளில் செலவழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இதழையே சிறிய பள்ளிகளுக்கான சிறப்பிதழாக மாற்றியது அந்தக் கடிதம்தான். இந்தப் பக்கத்தை அவர்களுக்கு எழுதும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய பள்ளி என்றதும் இரக்கப்படுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றைப் பார்த்துக்கொண்டால் மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் ஹெச்.எம்.மும். அவர் கூட்டத்துக்குக் கிளம்பினார் என்றால் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்கு வந்துவிடும். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அறையில் அக்காவும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுத் திண்ணையும் தெரியும். ஒரே பிள்ளையை மூன்று வருடம் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு நகரத்தில் நாலு பிரிவு வைத்து நடத்துகிற பள்ளியின் ஆசிரியருக்குக் கிடைக்குமா? பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் விழுமியம் என்றால், அதைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களின் கதை ஒன்று உண்டு. நடந்தது கொலம்பியாவில்.

அங்கே ஆண்டீஸ் மலைச் சரிவுகளில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஓராசிரியர் பள்ளிகளும் ஈராசிரியர் பள்ளிகளும் சிதறிக் கிடந்தன. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். வருடக் கடைசியில் தேர்ச்சியில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம், பிறகு படிப்பையே விட்டுவிடுவது. விக்கி கோல்பெர்ட் என்ற சமூகவியலாளர், ஒஸ்கார் மொகொயோன் என்ற கிராமத்து ஆசிரியர், பெரில் லெவிங்கர் என்ற கல்வியாளர் மூவரும் 1970-களின் நடுவில் இந்தப் பள்ளிகளுக்கென்று ஒரு முறையை வகுத்தார்கள். 'எஸ்குவேலா நுவேவா' என்று பெயர் வைத்தார்கள், புதிய பள்ளி. 1980-களில் அரசு அதைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கான கொள்கையாக எடுத்துக்கொண்டது. பின்னர் 20,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பு கால்தாஸ் மாநிலத்தில் இதற்குத் தோள்கொடுத்தது.

பாடத்தை வழிகாட்டிக் கையேடுகளாக எழுதினார்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, கையேட்டைப் படித்துத் தாங்களே வேலை செய்துகொண்டு போவார்கள். பறிப்புக்குப் போய் வந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அந்தப் பிள்ளைக்காக மற்றவர்கள் நிற்க வேண்டியதில்லை, அதுவும் தோற்றுப்போனதாகப் பெயர் வாங்க வேண்டியதில்லை. நியாயம் என்ற சொல்லை எங்கேயும் எழுதாமலே நியாயத்தை உள்ளே வைத்துவிட்டார்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது சுவரில் தொங்கும் சாதாரணச் சாமான்கள். ஒன்று, வருகைப் பட்டியல். காலையில் வந்ததும் பிள்ளை தன் பெயருக்கு நேரே தானே குறித்துக்கொள்ளும். ஆசிரியர் பெயர் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' சொல்கிற பழக்கம் இல்லை. வராமலே வந்ததாகக் குறித்தால்? குறிக்கலாம்தான். அந்த வாய்ப்பு கையில் இருக்கும்போது குறிக்காமல் இருப்பதைத்தானே நேர்மை என்கிறோம்! நம் ஐந்து பள்ளிகளின் ஜூலை மாதத்துக் கதை, பாட்டு, உறுதிமொழி, போட்டி நான்கும் சேர்ந்து செய்யாததை இந்த ஓர் அட்டை தினமும் செய்துவிடும்.

இன்னொன்று நட்புத் தபால். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு சின்னப் பை தொங்கும். யாரும் யாருக்கும் கடிதம் போடலாம். யாருடைய பை காலியாகவே கிடக்கிறது என்பது ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது. அதற்குப் பக்கத்தில் ஆலோசனைப் பெட்டி. உறுதிப்பெட்டி ஒன்றும் உண்டு. அதில் பிள்ளை தன் சொந்த வாக்கை எழுதிப் போடும். நாம் மைதானத்தில் நிற்க வைத்துக் கோரஸாகச் சொல்ல வைக்கிறோமே, அந்த மாதிரி உறுதிமொழி அல்ல. பிறகு பயண நோட்டு. அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். அன்று அந்த வீட்டார் தங்களுக்குத் தெரிந்த ஒரு சமையலையோ, மருந்தையோ, கதையையோ எழுதி அனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். வருடக் கடைசியில் அந்த நோட்டு ஊரின் புத்தகமாகிவிடும், வகுப்பில் அதையே படிப்பார்கள். ஊர் வரைபடமும் விவசாய நாட்காட்டியும் பிள்ளைகளும் ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து தயாரித்தவை. எந்த மாதம் எந்த வீட்டுப் பிள்ளை வராது என்பதை அந்த நாட்காட்டியே சொல்லிவிடும்.

மாணவர் அரசு என்று ஒன்றும் உண்டு. ரகசிய வாக்கெடுப்பு, தலைவர், நூலகத்துக்கு, தோட்டத்துக்கு, சுகாதாரத்துக்கு என்று குழுக்கள். நம்மிடமும் 'கிளாஸ் லீடர்' உண்டு. ஆனால் அவர் செய்கிற தலையாய கடமை, பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது! அடுத்த முறையும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஜனநாயகமா, போலீஸ் வேலையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் நல்ல பழக்கம், படிப்பு வருமா என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. யுனெஸ்கோ சார்பில் லத்தீன் அமெரிக்க நாடுகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் மொழி, கணிதத் திறனை ஒப்பிட்ட ஆய்வு 1998-இல் வெளியானது. பெருநகரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், கிராமப் பள்ளிப் பிள்ளைகள் நகரப் பள்ளிப் பிள்ளைகளை முந்தியிருந்த ஒரே நாடு கொலம்பியாதான். உள்நாட்டுச் சண்டையில் பல்லாண்டு வெந்த நாடு அது. அங்கே இந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சமாதானமாகப் பழகுவதையும் பின்னாளில் ஆய்வாளர்கள் தனியாக அளந்து பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவசரமாகப் பரப்பியபோது பல பள்ளிகளுக்குக் கையேடு போய்ச் சேரவில்லை, பயிற்சியும் நீர்த்துப்போனது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு தம்பி உண்டு. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே இருக்கும் ரிஷிவேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளி. அதைச் சுற்றியுள்ள குக்கிராமங்களின் சின்னப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதியினர் 1980-களின் கடைசியில் தொடங்கிப் பாடநூலை அட்டைகளாகப் பிரித்து, படிப்படியாக ஏறுகிற கற்றல் ஏணியாக அடுக்கினார்கள். ஊர்க்காரர்கள் சொன்ன கதைகள் அட்டைக்குள் வந்தன. பிள்ளைகளே கடை போட்டு எடை, அளவை கற்கும் மெட்ரிக் மேளா ஊருக்குள் நடந்தது. அந்த முறையைப் பார்த்து வந்த சென்னை மாநகராட்சி 2003-இல் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னெடுப்பில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுவதற்கும் போனது.

நம் வாசகர்களில் பாதிப் பேராவது அதில் பாடம் நடத்தியவர்கள். ஆகவே அதை நான் விளக்க வேண்டியதில்லை. சுய வருகைப் பதிவு அங்கேயும் இருந்தது, நினைவிருக்கிறதா? ஆரோக்கியச் சக்கரம், காலநிலை அட்டவணை, தரையோடு ஒட்டிய கரும்பலகையில் ஆளுக்கொரு பங்கு. டீச்சரும் பாயில்தான் உட்கார்ந்தார். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். நன்றாக வரைந்த பிள்ளையின் படம் மட்டுமல்லாமல் எல்லாப் பிள்ளையின் படமும் அதில் தொங்கியது. இன்று யோசித்தால், நம் தொடக்கப் பள்ளிகளில் சமத்துவம் என்ற விழுமியத்தை மரச்சாமானிலும் கம்பியிலும் சுண்ணாம்பிலும் எழுதிய ஒரே காலம் அதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் மாநிலம் முழுமைக்கும் ஒரே அட்டை அச்சாகி வந்தபோது அட்டைக்குள்ளிருந்த ஊர் காணாமல்போனது. கிழிந்த அட்டைக்கு மாற்று வரவில்லை என்று அப்போது நமக்கு எத்தனையோ கடிதங்கள். பெற்றோரோ, "புத்தகமே இல்லாம என்ன படிப்பு?" என்றார்கள். 2012-13-இல் முப்பருவ முறை வந்தது, பாடநூல் மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது. ஒவ்வொன்றின் நன்மை தீமையைப் பேச இது இடமல்ல. நான் கவனித்தது ஒன்றே. அட்டையை உட்கார்ந்து எழுதிய ஆசிரியருக்கு இருந்த பிடிப்பு, அதை மூட்டையாகப் பெற்றுக்கொண்ட ஆசிரியருக்கு இருக்கவில்லை. எப்படி இருக்கும்?

இனி, கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி. யாருடைய விழுமியங்கள்?

தமிழ்நாட்டில் கிராமப் பள்ளிக்கென்று தனியாக ஒரு திட்டம் என்று பேச்செடுத்தாலே 1953 நினைவுக்கு வரும், வரத்தான் வேண்டும். ராஜாஜியின் அரசு அந்த ஆண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றது. உழைப்பின் மேன்மை, குடும்பத்தோடு ஒட்டிய வாழ்க்கை என்று அதற்கும் அழகான விழுமியங்கள் சொல்லப்பட்டன. குலக்கல்வித் திட்டம் என்று தமிழகம் அதைப் பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

ராஜாஜியின் திட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னால், 1937-இல், வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் எழுதியது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் இ.டபிள்யூ. ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். தாகூரிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருடைய துணைவி ஆஷா தேவி. அங்கேயும் கைத்தொழில்தான். ஆனால் அங்கே எல்லாப் பிள்ளையும் ஒரே தக்ளியில் நூற்றது, ஒரே துடைப்பத்தை எடுத்தது. 1953-இல் சொன்னது அவரவர் அப்பாவின் தொழில். துடைப்பமும் தறியும் பள்ளிக்குள் எல்லோருக்கும் பொதுவாக வந்தால் அது சமத்துவம். அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போனால் அது சாதி. கலைத்திட்டம் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்வேன்.

கடிதத்திலிருக்கும் அக்டோபர் மாதத் தூய்மையையே எடுங்கள். பள்ளி வளாகத்தை யார் கூட்டுகிறார்கள்? பெண் பிள்ளைகள் கூட்டிக் கோலம் போட, பையன்கள் பெஞ்சு தூக்குகிறார்களா? கழிவறைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் எந்தத் தெருப் பிள்ளையின் பெயர் முதலில் வாயில் வருகிறது? சத்துணவுத் தட்டுகளை வரிசையில் வைக்கும்போது எந்தத் தட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தட்டு? தூய்மை பற்றி நூறு பாட்டுப் பாடினாலும் பிள்ளை படிப்பது இந்தப் பாடத்தைத்தான். வாரா வாரம் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி வேலை பிரித்து, பட்டியலைச் சுவரில் ஒட்டினால் போதும். அந்தச் சீட்டுகளில் டீச்சர் பெயரும் சார் பெயரும் இருக்க வேண்டும். ஹெச்.எம். பெயரும்தான்.

இதை ஒரு பள்ளி தனியாகச் செய்தால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுநாளே வாசலில் நாலு பேர். "எங்க பிள்ளையை அந்த வேலை செய்யச் சொன்னீங்களாமே?" வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒற்றை ஆசிரியை என்ன பதில் சொல்வார்? "இது எங்க அஞ்சு பள்ளிக்கூடத்துலயும் ஒரே மாதிரி, எல்லாரும் சேர்ந்து முடிவு செஞ்சது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தீர்மானம் போட்டிருக்கு" என்று சொல்ல முடிந்தால் அவர் குரலே வேறாக இருக்கும். பொதுக் கலைத்திட்டம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். செலவு மிச்சம், பாடக்கருவி பரிமாற்றம் எல்லாம் பின்னால் வருபவை. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைப் பற்றி நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேசுகிறோம். பதினான்கு வயதில் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதைவிட ஆறு வயதில் தட்டை மாற்றி வைப்பது எளிது. ஆனால் அதைச் செய்கிற ஆசிரியருக்குத் துணை வேண்டும்.

சட்டமும் துணைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலைத்திட்டம் அரசியலமைப்புச் சட்டத்தின் விழுமியங்களுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்கிறது. பிள்ளையிடமிருந்து பயத்தைப் போக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. யாருடைய விழுமியம் என்று கேட்பவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

பொதுக் கலைத்திட்டத்துக்கு இரண்டாவது காரணம் ஆசிரியர்களின் பணிமாறுதல். நல்ல ஆசிரியர் ஒருவர் ஐந்து வருடம் கட்டிய தோட்டம், நூலகம், பழக்கவழக்கம் எல்லாம் ஒரு கலந்தாய்வில் அவர் பையோடு அடுத்த ஒன்றியத்துக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறோம். புதிதாக வருபவருக்கு விட்டுப்போனதன் அர்த்தம் தெரியாது. நாலு பள்ளிகளில் அதே முறை ஓடிக்கொண்டிருந்தால், ஐந்தாவது பள்ளிக்கு வருகிறவர் பக்கத்து ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். கொலம்பியாவில் அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பள்ளியில் கூடுவார்கள். நுண்மையம் என்று பெயர். அந்தப் பள்ளியின் வகுப்பைப் பார்ப்பார்கள், தங்கள் பள்ளியில் வராததைச் சொல்வார்கள், தாங்கள் செய்த கருவியைக் கொடுத்து மற்றவருடையதை வாங்கிப் போவார்கள். நம் குறுவள மையக் கூட்டத்தின் நோக்கமும் காகிதத்தில் அதுதான். பிரொஜெக்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது அப்படி உட்கார முடியுமா என்று வட்டார வள மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, தாளில் என்ன எழுதுவது?

மொழியும் கணக்கும் இப்போதைய நிலைவாரிக் குழுக்களிலேயே போகட்டும், அதைக் கலைக்க வேண்டாம். சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் பக்கம்தான் இடம் இருக்கிறது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருப்பதால், நெருக்கமான பாடங்களை ஒரே பொருளுக்குக் கீழ்த் திரட்டி, இரண்டாண்டுச் சுழற்சியாக அடுக்கலாம். இந்த வருடம் எல்லோருக்கும் தண்ணீர், அடுத்த வருடம் எல்லோருக்கும் மண். நான்காம் வகுப்பில் உள்ளே வருகிற பிள்ளை ஐந்தாம் வகுப்பை விட்டுப் போவதற்குள் இரண்டையும் பார்த்துவிடும். பாடநூலின் பாடம் எதுவும் விட்டுப்போகாமல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கு வருபவர் கேட்பார்.

தண்ணீரையே பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் எத்தனை குடம் என்று எண்ணி வரும். மூன்றாம் வகுப்பு ஒரு குடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கும். நான்கும் ஐந்தும் மேல்நிலைத் தொட்டி, கண்மாய், ஊருணி, கைப்பம்பு எல்லாவற்றையும் ஊர் வரைபடத்தில் குறிக்கும். தொட்டி ஆபரேட்டரைப் பள்ளிக்கு அழைத்துப் பேட்டி எடுக்கும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று ஒரு வாரம் எழுதினால் கணக்கும் வந்துவிடும், நியாயமும் வந்துவிடும். கடைசியாக ஒரு வேலை: அந்தக் காலத்தில் எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்று இருந்தது என்று பாட்டியிடம் கேட்டு வருவது. இந்த வரியை எழுதும்போது உங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் பேனாவைக் கீழே வைப்பார். வைக்கட்டும். அதைப் பற்றிப் பேசி முடிவு செய்யத்தானே ஐந்து பள்ளிகள் கூடுகின்றன. எந்த வகுப்புக்கு, எந்தச் சொற்களில், பிள்ளை கொண்டுவரும் பதிலை வகுப்பில் எப்படிக் கையாள்வது, எந்தப் பிள்ளையும் கூனிக் குறுகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் காரணத்தோடு எடுங்கள்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. ஐந்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு மாணவிதான். என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது அந்த வரி. தன் வயதுப் பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானமாகவும், போட்டியிட்டுத் தோற்கவும் அவளுக்கு வாய்ப்பே இல்லை. மாதம் ஒரு நாள் ஐந்து பள்ளிகளின் மூன்றாம் வகுப்பும் ஓரிடத்தில் கூடட்டும். கூட முடியாத மாதங்களில் நட்புத் தபால் போகட்டும். வாரத்துக்கு ஒரு முறை பைக்கில் கூட்டத்துக்குப் போகிற சார் கையில் ஒரு கட்டுக் கடிதம் கொடுத்தால் ஆயிற்று.

விழுமியத்துக்கு மதிப்பெண் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். நேர்மைக்குப் பத்துக்கு ஏழு என்று போட்டால் மீதி மூன்றை எங்கே தேடுவது? ஆனால் பார்த்து எழுதாமலும் விட்டுவிடக் கூடாது. பருவத்துக்கு ஒரு முறை பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரை ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். யார் அதிகம் பேசினார்கள், யார் பேசவே இல்லை, பென்சில் இல்லாத பிள்ளைக்கு யார் கொடுத்தார்கள், சண்டையை யார் தீர்த்தார்கள், டீச்சர் குரலை எத்தனை முறை உயர்த்தினார். பிள்ளைகளைப் பற்றி எழுதியதுபோல் இருக்கும், பெரும்பாலும் நம்மைப் பற்றியதாகவே இருக்கும். அந்தக் குறிப்பை மேலதிகாரிக்கு அனுப்புவதில்லை என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வருகிறவருக்கு வடையும் காப்பியும் கிடைக்கும், உண்மை கிடைக்காது.

இந்த இதழில் பல வகுப்புக் கற்பித்தல் பற்றி மூன்று கட்டுரைகள் இருக்கின்றன. ஊர் வரைபடமும் விவசாய நாட்காட்டியும் தயாரிப்பது எப்படி என்று நடுப்பக்கத்தில் படத்தோடு கொடுத்திருக்கிறோம். பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். கொலம்பியாவின் காப்பிப் பருவத்துக்குப் பதில் உங்கள் ஊரின் நடவும் அறுப்பும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் மாதமும், திருவிழாவும் அதில் வரட்டும்.

ஐந்து பள்ளி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழு ஆண்டுக்கும் இப்போதே எழுத வேண்டாம். காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரே ஒரு பொருளை எடுத்து, ஐந்து பள்ளியிலும் நடத்திப் பார்த்து, வந்ததையும் வராததையும் எழுதி அனுப்புங்கள். தீபாவளிக்கு முந்தைய இதழில் அப்படியே வெளியிடுகிறோம். வேறு குறுவள மையங்களில் இப்படி முயன்றவர்கள், முயன்று பாதியில் விட்டவர்கள், அவர்களும் எழுதலாம். பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கையெழுத்தில் அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்வது எங்கள் வேலை.

அன்புடன்,
ஆசிரியர்